நகரத்தில் ஒரு குதிரை

சென்னை மெரினா கடற்கரைக்கு வரும் சிறுவர்களுக்குக் குதிரைச் சவாரி பெருமகிழ்ச்சி தருவது. சவாரி முடிந்தபின் அக்குதிரை எங்கே நிற்கிறது, எதை உண்கிறது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

குதிரையின் இரைப்பை, உடலளவை நோக்கச் சிறியது. ஆகவே, அது நாள் முழுதும் சிறுகச் சிறுக மேயும் இயல்புடையது. புல்லின்றிக் கிடந்து, ஒரே வேளையில் கொள்ளும் தவிடும் மிகுதியாக உண்டால் வயிற்றுநோய்க்கு உள்ளாகும். உண்டதை வாந்தியாக வெளியேற்ற இயலாத விலங்காதலின், அந்நோய் உயிரையும் பறிக்கக்கூடும். ஓயாது வளரும் குளம்பையும் ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை செதுக்கி, இலாடத்தைச் சரிசெய்தல் வேண்டும்.

வண்டி இழுக்கும், சுமை சுமக்கும் விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு விதிகள், நாளொன்றுக்கு 9 மணி நேரத்திற்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்குவதைத் தடுக்கின்றன. வெப்பம் 37 டிகிரி செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணிவரை வேலையே கூடாது. சவாரிக் குதிரைக்கும் இதுவே அளவுகோலாதல் வேண்டும்.

தடை மட்டும் தீர்வாகுமா? மும்பையின் விக்டோரியா குதிரை வண்டிகளை ஓராண்டிற்குள் நிறுத்துமாறு 2015இல் ஆணையிட்ட பம்பாய் உயர்நீதிமன்றம், அத்தொழிலை நம்பிய குடும்பங்களின் மறுவாழ்வுக்கும் வழிகாணப் பணித்தது. பின்னது முன்னதினும் கருதத்தக்கது. வருவாய் இழந்தவர் தீவனம் வாங்க இயலாது. பட்டினி முதலில் குதிரையைத்தான் சேரும்.

எனவே, குதிரைத் தொழிலுக்கு இசைவு தரும் நகரம், இலாயம், நீர்த்தொட்டி, கால்நடை மருத்துவம் ஆகிய மூன்றையும் உறுதிசெய்த பின்பே அதனைத் தருதல் வேண்டும். அவற்றுக்கு இடமளிக்காத நகரம் குதிரையின் உழைப்பைக் கேட்பது அறமாகாது.