தாளம் திரும்ப வரும்

நவராத்திரி முடிந்த அடுத்த வாரம் வருடந்தோறும் யாராவது ஓர் அம்மா தனியாக வந்து நிற்பார். "டீச்சர், இவ இனிமே மேடையில வாசிக்க மாட்டேங்குறா." விசாரித்தால் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. கொலு முன்னாலோ கோயில் மண்டபத்திலோ வாசிக்கும்போது நடுவில் ஓர் இடம் மறந்திருக்கும். பிள்ளை நிறுத்தியிருக்கும், முதலிலிருந்து தொடங்கியிருக்கும், அதே இடத்தில் மறுபடி நின்றிருக்கும். மாயவரத்தில் முப்பது வருடமாக வீணை சொல்லித் தருகிறேன். இப்படி வீணையை உறை போட்டு மூலையில் சாய்த்துவிட்ட பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. இதில் பிள்ளைகள் மேல் குற்றமில்லை. சொல்லித் தருகிற எங்கள் மேல்தான் என்று நினைக்கிறேன்.

எனக்கும் பதினான்கு வயதில் இது நடந்தது. பிள்ளையார் கோயில் மண்டபம், மோகன வர்ணம். பூச்சி ஸ்ரீனிவாச ஐயங்கார் செய்த 'நின்னுகோரி', ஆதி தாளம். வீணை கற்கும் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்கும் வர்ணம்தான். ஆனால் மோகனத்தில் இருப்பதே ஐந்து ஸ்வரங்கள். ஸ, ரி, க, ப, த என்று அந்த ஐந்தும் இடம் மாறி மாறி வருவதால் ஒரு வரி இன்னொரு வரி மாதிரியே இருக்கும். மூன்றாவது சரண ஸ்வரத்தின் பாதியில் கை தானாக முதல் ஸ்வரத்துக்குள் போய்விட்டது. நிறுத்தினேன். பல்லவியிலிருந்து தொடங்கினேன். அதே வளைவில் மறுபடி வழி தப்பியது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. கை தந்தியை அமுக்கிக்கொண்டு அப்படியே இருந்துவிட்டது.

மிருதங்கம் வாசித்தவர் வயதானவர். அவர் மட்டும் நிறுத்தவில்லை. சர்வலகுவாக, மெதுவாக, ஒவ்வொரு அடியும் தெளிவாகக் கேட்கும்படி வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். தாளத்தின் முதல் அடியான சமம் வரும்போது தலையை அசைத்தார். நான் சரணத்தை எடுத்தேன். கச்சேரி முடிந்து தண்ணீர் குடிக்கும்போது சொன்னார்: "ஸ்வரம் போனா போகட்டும்மா. தாளத்தை விட்டுடாதே. அது உனக்காக நிக்காது. ஆனா திரும்ப வரும். வர்றப்ப ஏறிக்கோ."

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருடம் பாடம் நடத்துகிறேன். ஆதி தாளத்தில் ஓர் ஆவர்த்தனம் சுற்றி வர வர்ணத்தின் வேகத்தில் பத்துப் பதினைந்து விநாடிதான் ஆகும். அதிலும் வர்ணத்தின் அமைப்பையே பாருங்கள். ஒவ்வொரு சரண ஸ்வரமும் முடிந்ததும் சரண வரிக்குத் திரும்பித்தான் ஆக வேண்டும். வழி தவறியவர் ஏறிக்கொள்ள ஒரு படி அங்கே கட்டி வைத்திருக்கிறது. அந்தப் படியைப் பிள்ளைகளுக்கு நாம் காட்டுவதில்லை. வகுப்பில் தப்பு வந்தவுடன் என்ன சொல்கிறோம்? "முதல்லேருந்து வாசி." ஆயிரம் முறை இதைக் கேட்ட கை, தப்பு என்றால் நிற்பது, நின்றால் பல்லவிக்குப் போவது என்று பழகிவிடுகிறது. பல்லவி இரும்பாக இருக்கிறது, மூன்றாவது ஸ்வரம் ஓட்டையாகவே இருக்கிறது. மேடையிலும் கை பழகியபடிதானே செய்யும்?

வீணையின் அமைப்பிலேயே இதற்கு வழி உண்டு. பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகள் இருக்கின்றன. வலக்கைச் சுண்டுவிரலால் மீட்டுவது. இடக்கைக்கு வழி தெரியாமல் போனாலும் சுண்டுவிரல் தாளத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம். இன்னொன்று, விரல் உரிய மெட்டுக்கு முன்னாலேயே விழுந்துவிட்டால் தந்தியை இழுத்து வேண்டிய ஸ்வரத்துக்குப் போய்விடலாம். காந்தாரத்துக்குப் பதில் ரிஷபத்தில் விழுந்த விரல் இழுத்தவுடன் காந்தாரம் பேசும், கேட்பவர் காதுக்கு அது ஒரு கமகம். மெட்டைத் தாண்டி மத்தியமத்தில் விழுந்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை, இழுத்தால் ஸ்வரம் ஏறுமே தவிர இறங்காது. மோகனத்தில் இல்லாத ஸ்வரம், எல்லோருக்கும் கேட்கும். கேட்கட்டும். அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த அட்சரத்துக்குப் போக வேண்டியதுதான். எதைச் சரிசெய்யலாம், எதை விட்டுவிட வேண்டும் என்று விரலுக்குத் தெரிய வேண்டும். அதுவும் பாடம். தனியாக உட்கார்ந்து சொல்லித் தர வேண்டிய பாடம்.

அதனால் சனிக்கிழமை வகுப்பில் ஒரே விதி, யாரும் நிறுத்தக் கூடாது. ஒரு பிள்ளை வாசிக்கும், ஒரு பிள்ளை தாளம் போடும், மூன்றாவது பிள்ளை நினைத்த நேரத்தில் "அனுபல்லவி!" என்று கத்தும். வாசிப்பவர் அடுத்த சமத்தில் அங்கே இருக்க வேண்டும். நாக்கைக் கடிப்பது, தலையை ஆட்டுவது, "சாரி டீச்சர்" எதுவும் கிடையாது. முதல் மாதம் அழுகைகூட வரும். மூன்றாவது மாதத்தில் முகம் தெளிந்துவிடும்.

இப்படிச் சொல்லிக் கொடுத்தால் பிள்ளைகள் அலட்சியமாகிவிடுவார்கள் என்று சக ஆசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் என் திங்கட்கிழமை வகுப்பைப் பார்க்க வேண்டும். தப்பிய இடத்தை நோட்டில் பென்சிலால் வட்டமிட்டு, இரண்டு ஆவர்த்தனம் முன்னாலிருந்து எடுத்து, நாற்பது முறை வாசிக்கச் சொல்வேன். சாதகத்தில் இரக்கம் காட்டியதே இல்லை. ஸ்ருதி சேர்க்காமல் வாசிக்க உட்கார்ந்தால் மேடையிலும் பொறுக்க மாட்டேன். மறதி எவருக்கும் வரும். ஸ்ருதியை விடுவது அலட்சியம்.

கேட்பவர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை தனம்மாள் வீட்டில் கேட்க வந்தவர்கள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள் என்று படித்திருக்கிறேன். வீணையின் நாதம் அவ்வளவு மெல்லியது. இன்று பதினொரு வயதுப் பிள்ளை உட்கார்ந்தால் எதிரே இருபது கைபேசிகள் எழுகின்றன. ஒரு விநாடி மறதி அன்று இரவே வாட்ஸ்அப்பில் சித்தி, மாமா, பெரியப்பா எல்லோருக்கும் போய்ச் சேருகிறது. அந்த வீடியோவை அன்றைக்கே பிள்ளைக்குப் போட்டுக் காட்டாதீர்கள். வீட்டுக்குப் போகிற வழியில், ஆட்டோவில், "அந்த எடத்துல என்ன ஆச்சு?" என்று கேட்காதீர்கள். என்ன ஆயிற்று என்று பிள்ளைக்குத்தான் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

போன நவராத்திரியில் என்னிடம் படிக்கும் பெண் ஒருத்தி அதே மோகன வர்ணத்தை வாசித்தாள். மூன்றாவது ஸ்வரத்தில் இடக்கை நின்றுவிட்டது. நான் தூணோரம் உட்கார்ந்திருந்தேன், என் உள்ளங்கை வேர்த்துவிட்டது. அவளுடைய சுண்டுவிரல் நிற்கவில்லை. தாளத் தந்தி மட்டும் தனியாகக் கேட்டது. மிருதங்கக்காரப் பையன் அவளைப் பார்த்தான், அவளும் அவனைப் பார்த்தாள். சமம் வந்தது, சரண வரியில் ஏறிக்கொண்டாள்.

கீழே இறங்கியதும் அவள் அம்மா "அந்த மூணாவது..." என்று ஆரம்பித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அன்றைக்குச் சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். திங்கட்கிழமை வகுப்புக்கு வந்தவள் நான் சொல்வதற்கு முன்னாலேயே நோட்டைத் திறந்து, பென்சிலால் வட்டம் போட்டாள்.