பிடிபட்டவர் யாராக இருந்தாலும்



வெள்ளிக்கிழமை ஃபஜ்ர் தொழுகையில் அஸ்ஸஜ்தா, அல் இன்ஸான் ஆகிய இரு அத்தியாயங்களையும் ஓதுவது நபி (ஸல்) அவர்களின் வழக்கம். அல் இன்ஸான் அத்தியாயத்தின் எட்டாம் வசனம், இறைநேசத்தின் காரணமாக மூவருக்கு உணவளிக்கும் நல்லடியார்களைப் போற்றுகிறது. ஏழை, அநாதை, கைதி ஆகியோரே அம்மூவர். ஏழைக்கு நாம் ஸகாத் கொடுக்கிறோம். அநாதைகளுக்கு இல்லங்கள் நடத்துகிறோம். மூன்றாமவரை மட்டும் ஓதிவிட்டுக் கடந்துவிடுகிறோம்.

2019 மார்ச் 1 ஒரு வெள்ளிக்கிழமை. அன்று வைகறையில் பெரும்பாக்கத்தில் தொழுகை நடத்திய நான் இந்த வசனத்தை ஓதியபோது குரல் தடுமாறியது. ஏனெனில், எங்கள் பகுதியைச் சேர்ந்த குடும்பத்தின் மகன் ஒருவர் அந்நேரத்தில் அயல்நாட்டின் பிடியில் கைதியாக இருந்தார்.

அப்போது விங் கமாண்டராக இருந்த அபிநந்தன் வர்தமானை அறியாதவர் இல்லை. 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் நடந்த தற்கொலைத் தாக்குதலில் மத்திய ரிசர்வ் போலீஸ் படையினர் 40 பேர் உயிரிழந்தனர். அவர்களில் இருவர் தமிழர்கள். ஒருவர் தூத்துக்குடி மாவட்டத்துச் சவலாப்பேரியையும் மற்றவர் அரியலூர் மாவட்டத்துக் கார்குடியையும் சேர்ந்தவர். பிப்ரவரி 26 அன்று இந்திய விமானங்கள் பாலாகோட்டைத் தாக்கின. மறுநாள் நடந்த வான்மோதலில் அபிநந்தனின் விமானம் வீழ்த்தப்பட்டது. எல்லைக்கு அப்பால் இறங்கிய அவரைக் கிராமத்தினர் சிலர் தாக்கினர். பின்னர் பாகிஸ்தான் இராணுவத்தினர் அவரைத் தம் வசம் எடுத்துக்கொண்டனர். கண்கள் கட்டப்பட்டு, முகத்தில் இரத்தம் வழிய அவர் நின்ற காணொளி நாடெங்கும் பரவியது.

அவருடைய பெற்றோரின் இல்லம் இருந்தது தாம்பரத்தை அடுத்த பகுதியில். எனவே எங்கள் புறநகர் முழுவதும் அந்த மூன்று நாட்களும் ஒரு குடும்பமாகவே கலங்கியது. எங்கள் மக்தபின் நாற்பது பிள்ளைகளும் கையேந்தி துஆ செய்தனர். அந்த வெள்ளிக்கிழமை இரவு அவர் வாகா எல்லையைக் கடந்து தாய்மண்ணில் கால் வைத்தபோது, அல்ஹம்துலில்லாஹ் என்று நாங்கள் கூறியது உள்ளத்திலிருந்து வந்தது.

அந்நாட்களில் நம் நாடு எதைக் கேட்டது? காயமுற்ற வீரரைக் காட்சிப்பொருளாக்கியது பன்னாட்டு மனிதாபிமானச் சட்டத்திற்கும் ஜெனீவா உடன்படிக்கைக்கும் முரணானது என்று இந்திய அரசு கண்டித்தது. அவருக்கு எந்தத் தீங்கும் நேரக்கூடாது என்றும் அவரை உடனே பாதுகாப்பாகத் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் கோரியது. அது முற்றிலும் நியாயமான கோரிக்கை. 1949ஆம் ஆண்டின் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை, போர்க்கைதியை வன்முறையிலிருந்தும் இழிவிலிருந்தும் பொதுமக்களின் வேடிக்கைப் பார்வையிலிருந்தும் காக்க வேண்டும் என்கிறது. பெயர், பதவி, பிறந்த நாள், படை எண் ஆகியவற்றைத் தவிர வேறெதையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. தேநீர்க் கோப்பையுடன் அவர் கேள்விகளுக்கு விடையளித்த காணொளியில், சிலவற்றைச் சொல்ல இயலாது என்று அவர் மறுத்தாரே, அந்த மறுப்புக்குப் பின்னால் நின்றது இந்தச் சட்டம்தான்.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். அவர் நம்மவர் என்பதற்காகவா அச்சட்டம் அவரைக் காத்தது? இல்லை. அவர் கைதி என்பதற்காகக் காத்தது. நம்மவர் என்பதற்காக நாம் கேட்டோம். கைதி என்பதற்காக அவருக்குக் கிடைத்தது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உணராதவரை, நம் மனிதநேயம் நம் வீட்டு வாசலைத் தாண்டாது.

பத்ரில் கற்பிக்கப்பட்ட பாடம்

இஸ்லாம் இப்பாடத்தை ஜெனீவாவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே கற்பித்தது. மேற்சொன்ன வசனம் குறிப்பிடும் கைதிகள், அக்காலத்தில் முஸ்லிம்களுடன் போரிட்டுப் பிடிபட்ட இணைவைப்போரே என்று விரிவுரையாளர்கள் பலர் எழுதியுள்ளனர். ஹிஜ்ரி 2ஆம் ஆண்டில் பத்ருப் போரில் ஏறத்தாழ எழுபது பேர் பிடிபட்டனர். அவர்களிடம் நல்ல முறையில் நடந்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு உபதேசித்தார்கள். அக்கைதிகளுள் ஒருவர் முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களின் சகோதரரான அபூ அஸீஸ். தம்மைப் பிடித்துவைத்திருந்த அன்சாரிகள், தமக்கு ரொட்டியைத் தந்துவிட்டுத் தாங்கள் பேரீச்சம்பழத்தோடு நிறுத்திக்கொண்டதை அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். அன்றைய மதீனாவில் ரொட்டி எளிதில் கிடைக்கும் உணவன்று. எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், பத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றனர் என்றும் வரலாறு கூறுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழும். என்னிடம் ஒரு மாணவனே கேட்டான்: “ஹஜ்ரத், அவங்க நம்ம ஆளைச் சித்திரவதை செஞ்சா, நாமும் அவங்களைச் செய்யலாம்தானே?” அவன் கேட்டதில் பொருளில்லாமல் இல்லை. 1999 கார்கில் போரின் தொடக்கத்தில் பிடிபட்ட கேப்டன் சௌரப் காலியா, அவருடன் சென்ற ஐந்து வீரர்கள் ஆகியோரின் உடல்கள் சித்திரவதையின் தடயங்களோடு திருப்பி அனுப்பப்பட்டன. அந்தத் தந்தையின் வேதனையை எவராலும் அளவிட முடியாது. அக்கொடுமையைச் செய்தவர்கள் முஸ்லிம் பெயர் தாங்கியவர்கள் என்பதற்காக நாம் அதைக் கண்டிக்கத் தயங்கினால், நம் மார்க்கத்திற்கே அநீதி இழைத்தவர்களாவோம்.

அம்மாணவனுக்கு நான் ஸுஹைல் இப்னு அம்ர் அவர்களின் செய்தியைச் சொன்னேன். அவர் நாவன்மை மிக்கவர். நபிகளாருக்கு எதிராக மக்களைத் தூண்டியவர். பத்ரில் பிடிபட்டபோது, அவருடைய முன்பற்களைப் பிடுங்கிவிடலாம், பிறகு எங்கும் எழுந்து பேசமாட்டார் என்று உமர் (ரலி) அவர்கள் அனுமதி கேட்டார்கள். நபியவர்கள் மறுத்தார்கள். நான் உறுப்புச் சிதைவு செய்தால், நபியாக இருந்தபோதிலும் அல்லாஹ் என்னிடமும் அவ்வாறே நடந்துகொள்வான் என்ற கருத்தில் அவர்கள் விடையளித்ததாகச் சரித்திர ஆசிரியர்கள் பதிந்துள்ளனர். உஹதில் தம் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களின் உடல் சிதைக்கப்பட்டதைக் கண்ணால் கண்ட பிறகும், உடல்களைச் சிதைப்பதை அவர்கள் தடைசெய்தார்கள். எதிரியின் இழிசெயல் நமக்கு அளவுகோலாக முடியாது என்பதே இதன் பொருள். அதே ஸுஹைல் பின்னர் இஸ்லாத்தை ஏற்றார். நபியவர்களின் மறைவுக்குப் பின் மக்கா தடுமாறியபோது, அம்மக்களை உறுதிப்படுத்தியது அவருடைய அதே நாவுதான்.

2015 பிப்ரவரியில், ஜோர்டான் விமானி முஆத் அல் கஸாஸ்பாவைக் கூண்டில் அடைத்து எரித்துக் கொன்ற காணொளியை ஐஎஸ் கும்பல் வெளியிட்டது. நெருப்பால் தண்டிக்கும் உரிமை நெருப்பின் இறைவனுக்கே உரியது என்று நபியவர்கள் தடுத்திருக்க, அவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே இதைச் செய்தனர். இவர்களைப் பற்றி நாம் மிம்பரில் உரக்கப் பேசியாக வேண்டும்.

தியாகமும் வெறுப்பும் ஒன்றல்ல

தாம்பரத்தில் வளர்ந்த மற்றொரு மகன் மேஜர் முகுந்த் வரதராஜன். கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். 2014 ஏப்ரல் 25 அன்று காஷ்மீரின் ஷோபியான் பகுதியில் ஆயுதக் குழுவினருடன் நடந்த மோதலில் உயிர் நீத்தார். மறு ஆண்டு அவருக்கு அசோக சக்கரம் வழங்கப்பட்டது. 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ திரைப்படம் வெளியானபோது, காஷ்மீர் முஸ்லிம்களைச் சித்திரித்த விதம் குறித்து நம் அமைப்புகள் சில எதிர்ப்புத் தெரிவித்தன. ஒரு திரைப்படத்தை விமர்சிக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அவ்விவாதத்தின் சூட்டில், உயிரைக் கொடுத்த ஒருவரைப் பற்றி நம் இளைஞர்கள் சிலர் எழுதியவற்றைப் படித்து நான் வெட்கினேன். திரைக்கதையின் மீதுள்ள கோபத்தை ஒரு தாயின் இழப்பின் மீது கொட்டுவது நம் பண்பன்று.

மறுபுறமும் தவறு நடந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். புல்வாமாவுக்குப் பின், அத்தாக்குதலோடு எந்தத் தொடர்பும் இல்லாத காஷ்மீர் மாணவர்களும் வணிகர்களும் நாட்டின் பல ஊர்களில் தாக்கப்பட்டனர். அவர்களைப் பாதுகாக்குமாறு 2019 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றமே மாநிலங்களுக்கு ஆணையிட வேண்டியிருந்தது. படைவீரர்களின் படங்களைப் பிரசாரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள் என்று அவ்வாண்டு மார்ச்சில் தேர்தல் ஆணையம் கட்சிகளை எச்சரிக்கவும் நேர்ந்தது. தியாகத்தைப் போற்றுவோர் அதை வாக்காக மாற்றத் துடிக்கமாட்டார்கள்.

உண்மையான தியாகம் எப்படி இருக்கும் என்பதற்கு 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலில் ஒரு சான்று உண்டு. காவலர் துக்காராம் ஓம்பலே, அஜ்மல் கசாபின் துப்பாக்கிக் குழாயைக் கைகளால் பற்றிக்கொண்டு குண்டுகளைத் தம் உடலில் ஏற்றார். அதனால்தான் அவன் உயிருடன் பிடிபட்டான். அவனுக்கு வழக்கறிஞர் தரப்பட்டார்; விசாரணை உச்ச நீதிமன்றம் வரை சென்றது; 2012இல் தண்டனை நிறைவேறியது. இறந்த ஒன்பது தாக்குதல்காரர்களுக்கு மும்பை முஸ்லிம்கள் தம் கப்ருஸ்தானில் இடம் தர மறுத்துவிட்டனர். குற்றத்தின் மீது அவ்வளவு உறுதி. கைதியின் மீது இவ்வளவு சட்ட ஒழுங்கு. இரண்டும் ஒரே நாட்டில், ஒரே வழக்கில் நடந்தன. கைதிக்கு நீதி கேட்பது எதிரிக்குப் பரிந்து பேசுவதாகாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

என் மீதே ஒரு கேள்வி

இவ்வளவும் எழுதிய நான், என் குறையையும் எழுதிவிடுகிறேன். கூவம், அடையாறு கரைகளிலிருந்து அகற்றப்பட்ட ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் எட்டடுக்குக் குடியிருப்புகளில் வாழ்கின்றன. அவற்றில் ஒன்றில் வசிக்கும் என் முன்னாள் மாணவன் ஒருவனை, கைப்பேசித் திருட்டுச் சந்தேகத்தில் அழைத்துச் சென்றனர். எந்தக் காவல் நிலையம் என்பதை எழுதப்போவதில்லை. இரண்டு இரவுகள் கழித்து, வழக்கு ஏதுமின்றி அனுப்பிவிட்டனர். அவன் தாய் அவனை என்னிடம் அழைத்து வந்தார். அவனால் சப்பணமிட்டு உட்கார முடியவில்லை. நான் கேட்ட முதல் கேள்வி, “என்னப்பா செஞ்சே?”

அபிநந்தனுக்காகக் கையேந்திய நாற்பது பிள்ளைகளில் அவனும் ஒருவன். அன்று அவ்வீரர் என்ன செய்தார் என்று நாங்கள் எவரும் கேட்கவில்லை. அவருக்கு வலிக்கிறதா என்றே கேட்டோம். என் மாணவனிடம் அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. அவன் பதில் சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அவன் தாய் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் நான் சுமந்துகொண்டிருக்கிறேன்.

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்திற்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு. குடும்பத்தாருக்குத் தெரிவிக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பவை டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த நெறிகள். ஆயினும் 2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் மாண்டனர். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டத்து மடப்புரத்தில் கோயில் காவலாளியான ஓர் இளைஞர் மாண்டார். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் 1997இல் கையெழுத்திட்ட நம் நாடு, இன்னும் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. எல்லைக்கு அப்பால் நம் வீரருக்காகக் கேட்டதை, எல்லைக்குள் நம் பிள்ளைகளுக்காகவும் பிறர் பிள்ளைகளுக்காகவும் நாம் கேட்டாக வேண்டும்.

ஜமாஅத்தார்களுக்கு என் வேண்டுகோள் இது. நம் மஹல்லாவில் எவரையேனும், எந்தச் சமயத்தவராயினும், பிடித்துச் சென்றார்கள் என்று கேள்விப்பட்டால், அவர் குற்றவாளியா என்ற ஆராய்ச்சியை நீதிமன்றத்திடம் விடுங்கள். இரண்டு பெரியவர்களும் ஒரு வழக்கறிஞரும் உடனே புறப்படுங்கள். அவர் எங்கே இருக்கிறார், உண்டாரா, குடும்பத்தாருக்குத் தெரியுமா என்று கேளுங்கள். போகும்போது ஒரு பொட்டலம் சோறு எடுத்துச் செல்லுங்கள். வெள்ளிதோறும் செவிமடுக்கும் அந்த எட்டாம் வசனத்திற்கு நாம் செய்யக்கூடிய மிக எளிய விரிவுரை அதுவே.

நம்மவருக்காக நீதி கேட்கும்போதும் பிறருக்கு அதை மறுக்காத உள்ளத்தை எல்லாம் வல்ல அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. நாட்டிற்காக உயிர் துறந்தோரின் குடும்பங்களுக்கு அவன் ஆறுதல் அளிப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.