கோலை எடுங்கள், புதுக் கடனை எடுக்காதீர்கள்

சம்பளம் 10ஆம் திகதி. கடன் கம்பெனியின் கோல் 7ஆம் திகதியே தொடங்கிவிடுகிறது. காலையில் பிரட்டுக்குப் போகும் நேரத்தில் ஒன்று, கொழுந்து நிறுக்கும் நேரத்தில் ஒன்று, இரவு சாப்பிட உட்காரும்போது ஒன்று. எடுக்காவிட்டால் வேறு இலக்கத்திலிருந்து வரும். அதையும் எடுக்காவிட்டால் பக்கத்துக் காம்பரா அக்காவின் போனுக்கு வரும். "உங்க வீட்டுப் பக்கத்துல இருக்கிற அவங்க லோன் கட்டலையே, கொஞ்சம் சொல்லுங்க" என்று. அன்று மாலைக்குள் லயம் முழுவதற்கும் தெரிந்துவிடும்.

முன்பெல்லாம் நமது சங்கக் காரியாலயத்துக்கு வரும் முறைப்பாடுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. பேர் போடவில்லை, அரைப்பேர் போட்டுவிட்டார்கள், கிலோவை வெட்டுகிறார்கள், ஈ.பி.எப். கணக்கில் பிழை. இப்போது இந்தக் கோல்களும் அந்தப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. "கடன் வாங்கியது அவர்கள், கட்ட வேண்டியதும் அவர்கள், இதில் சங்கத்துக்கு என்ன வேலை?" என்று நமது கமிட்டிகளிலேயே சிலர் கேட்கிறார்கள். கேட்பது நியாயம்தான். ஆனால் 1000 ரூபா நாட்சம்பளத்துக்காக நாம் எத்தனை வருடம் வீதியில் நின்றோம்? அது 2021 மார்ச்சில்தான் கைக்கு வந்தது. 1350 ரூபா என்பது 2024 செப்டெம்பரில் வந்தது. இவை இரண்டுக்கும் நடுவில் 2022 வந்து, மா, அரிசி, மண்ணெண்ணெய் எல்லாம் எட்டாத விலைக்குப் போயின. சம்பளம் விட்ட அந்த இடைவெளியை வாரக் கடன்தான் அடைத்தது. ஆகவே இதுவும் சம்பளப் பிரச்சினையே. சங்கம் பேசாமல் வேறு யார் பேசுவது?

இந்தக் கோல்களைப் பள்ளிக்கூடத்திலிருந்தும் பார்க்கிறேன். 2020, 2021இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்தன. பிள்ளையின் படிப்புக்காகக் குழுக்கடன் எடுத்துப் போன் வாங்கிய குடும்பங்கள் எத்தனையோ. அந்தப் போனில்தான் இன்று ஐந்தாம் தரப் பிள்ளை "அம்மா போனை வச்சிட்டு வேலைக்குப் போயிட்டாங்க" என்று சொல்லப் பழகியிருக்கிறது. அம்மா பக்கத்தில்தான் நிற்கிறார். பிள்ளையை இதில் இழுக்காதீர்கள் என்பது எனது முதல் வேண்டுகோள். கோலை நீங்களே எடுங்கள்.

எடுக்கச் சொல்வது ஏன்? எடுக்காமல் இருப்பதால் கடன் குறைவதில்லை. பயம்தான் கூடுகிறது. பேசுகிறவருக்கு உங்கள் மேல் எந்த அதிகாரமும் இல்லை. அவருக்கு ஒரு மாத இலக்கு இருக்கிறது, அவ்வளவுதான். பல நேரம் அவர் நமது தோட்டத்திலிருந்தே போன தம்பியாகக்கூட இருப்பார். அவரைத் திட்டத் தேவையில்லை, கெஞ்சவும் தேவையில்லை. இப்படிப் பேசிப் பாருங்கள்:

"தம்பி, உங்க பேர் என்ன, எந்தக் கிளை? முதல்ல எவ்வளவு பாக்கி, வட்டி எவ்வளவு, தண்டப்பணம் எவ்வளவு? எல்லாத்தையும் தமிழ்ல எழுதிக் குடுங்க. பேப்பர் கைக்கு வந்ததும் நான் பதில் சொல்றேன்."

இவ்வளவு போதும். அவர் சத்தம் போட்டால் "எழுதி அனுப்புங்க தம்பி" என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடுங்கள். பயத்தில் "நாளைக்குக் கட்டிர்றேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த நாளைக்குக் காசு இருக்காது. அடுத்த கோலில் அந்த வாக்கையே திருப்பி வைத்து உங்களைப் பொய்க்காரி ஆக்குவார்கள்.

ஒரு அப்பியாசக் கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். திகதி, நேரம், எந்த இலக்கம், யார் பேசினார், என்ன சொன்னார். உங்களுக்கு எழுத வராவிட்டால் வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒருவர் எழுதட்டும். எஸ்.எம்.எஸ். எதையும் அழிக்காதீர்கள். கட்டிய காசுக்கான துண்டுகளையும் அந்தக் கொப்பிக்குள்ளேயே வையுங்கள். கம்பெனிக்காரர் கொண்டுவரும் கணக்கோடு வைத்துப் பார்க்க உங்கள் கையிலும் ஒரு கணக்கு வேண்டும்.

கோலில் வரும் மிரட்டல்கள் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். "பொலிசைக் கூட்டிக்கொண்டு வருவோம்" என்பார்கள். கடன் கட்ட முடியாமல் போவது குற்றம் அல்ல, அது சிவில் விடயம். பொலிசுக்குக் கடன் வசூலிக்கும் வேலை கிடையாது. மறுபக்கம், ஒருவரைப் பயமுறுத்தி மிரட்டுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம். ஆகவே பொலிசுக்குப் போக உரிமை உள்ளவர் நீங்கள்தான். "கிரிப்பில் பேரைப் போட்டுவிடுவோம்" என்பார்கள். கிரிப் என்கிற கடன் தகவல் பணியகம் கறுப்புப் பட்டியல் அல்ல. யார் எவ்வளவு கடன் எடுத்தார், எப்படிக் கட்டினார் என்பது அங்கே பதிவாகிறது. உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கலாம். எத்தனை இடத்தில் கடன் என்பதே மறந்துபோன நிலையில் இருப்பவர்களுக்கு அது உதவியாகவும் இருக்கும். "துரையிடம் சொல்லிச் செக்ரோலில் பிடிக்க வைப்போம்" என்றால், உடனே தோட்டத் தலைவரிடம் சொல்லுங்கள். அப்படி எதற்கும் நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள்.

கையெழுத்து என்றதும் இன்னொன்று. வெற்றுத் தாளிலோ வெற்றுக் காசோலையிலோ யார் கேட்டாலும் கையெழுத்து வைக்க வேண்டாம். காசோலை திரும்பினால் சிவில் விடயமாக இருந்தது குற்ற வழக்காக மாறக்கூடும்.

இரவில் வருவது, கேவலமாகப் பேசுவது, "காசு இல்லாட்டி வேற மாதிரி பார்த்துக்கலாம்" என்று இளித்துக்கொண்டு சொல்வது, இதெல்லாம் நடக்கிறது. நமது பெண்கள் வெளியில் சொல்லக் கூசுகிறார்கள். 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் யுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வசூலிப்பவர்களால் பெண்கள் படும் வன்முறையை வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் போனார். வெட்கப்பட வேண்டியவர்கள் நாமல்ல. அப்படி ஒரு பேச்சு வந்தால் அன்றே மாதர் தலைவியிடம் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938.

மத்திய வங்கி 2023இல் நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. கடன் வசூலிக்கும்போது தொந்தரவு செய்வதற்கு எதிரான விதிகளும் அதில் உண்டு. முதலில் கம்பெனிக்கே எழுத்தில் முறைப்பாடு கொடுக்க வேண்டும். சரிவராவிட்டால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்துக்குப் பேசலாம். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள். ஆனால் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகள், நிதிக் கம்பெனிகள், நுண்நிதிக் கம்பெனிகள் மேல்தான் அந்த வழி செல்லும். டவுனில் மோட்டார் சைக்கிளில் வந்து வட்டிக்குக் கொடுப்பவரையோ, போனில் ஆப் போட்டுக் கடன் கொடுப்பவரையோ 1935 கட்டுப்படுத்தாது. அந்த ஆப்களில் நம் போனில் உள்ள இலக்கங்களை எல்லாம் பார்க்க அனுமதி கொடுத்தால், பிறகு சொந்தக்காரர் எல்லோருக்கும் கோல் போகும். அங்கே போகாமல் இருப்பதுதான் ஒரே பாதுகாப்பு.

இனிக் கணக்கு. 50,000 ரூபா எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். வாரம் 1,250 ரூபா, 52 வாரம். மொத்தம் 65,000. "வட்டி 30 வீதம்தான் அக்கா" என்பார்கள். ஆனால் நீங்கள் வாரா வாரம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். பாதி வருடத்தில் உங்கள் கையில் இருப்பது 50,000 அல்ல, ஏறக்குறைய பாதிதான். வட்டி மட்டும் முழு 50,000க்கும் போட்டபடியே இருக்கிறது. சரியாகக் கணக்குப் பார்த்தால் அது வருடத்துக்கு 54 வீதத்துக்கு வருகிறது. ஆரம்பத்திலேயே பத்திரச் செலவு என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு கொடுத்தால் இன்னும் கூடும்.

இந்த 1,250ஐக் கட்ட முடியாமல் போகிறபோது கோல் வருகிறது. கோலை நிறுத்த இன்னொரு கம்பெனியில் 40,000. அதைக் கட்ட மூன்றாவது இடத்தில். நான் பார்த்த குடும்பங்களில் முதல் கடனால் மூழ்கியவர்கள் குறைவு. கோல் சத்தத்தை நிறுத்துவதற்காக எடுத்த இரண்டாவது, மூன்றாவது கடன்தான் ஆளைக் கவிழ்த்தது. ஒரு வாரம் நிம்மதியாகத் தூங்க இரண்டு வருடக் கடனை வாங்குகிறோம். தாலிக்கொடியை அடகு வைப்பதும், சீட்டை முதலிலேயே கழித்து எடுப்பதும் இதே கதைதான்.

அதற்குப் பதிலாக ஒரு கடிதம் எழுதுங்கள். "எனது வருமானம் இவ்வளவு. மாதம் இவ்வளவு என்னால் நிச்சயமாகக் கட்ட முடியும். தண்டப்பணத்தை நீக்கி, தவணையைக் குறைத்துத் தாருங்கள்." இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் கிளையின் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்குங்கள். தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சொல்லும் தொகை உண்மையாகக் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். வாரம் 500 என்றால் 500. அவர்கள் முறைப்பதற்காக 1,000 என்று ஒப்புக்கொண்டுவிட்டு இரண்டாம் வாரமே தவறினால் கடிதத்துக்கு மதிப்பில்லாமல் போகும். வாங்கிய முதலைக் கட்ட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. எப்படி, எவ்வளவு நாளில் என்பதைப் பேசித் தீர்மானிக்க நமக்கும் வாய் இருக்கிறது.

மத்தியஸ்த சபையிலிருந்து கடிதம் வந்தால் பயப்படாமல் போங்கள். அது நீதிமன்றம் அல்ல, யாரையும் அது கட்டாயப்படுத்த முடியாது. இரண்டு தரப்பும் சம்மதித்தால்தான் இணக்கம். விளங்காத தாளில் அங்கேயும் கையெழுத்துப் போட வேண்டாம். நீதிமன்ற அழைப்பாணை வந்தால் மட்டும் அதைச் சட்டியடியில் வைத்துவிடாதீர்கள். போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வந்துவிடும். சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம். கூட வர ஆள் வேண்டுமென்றால் சங்கத்தில் சொல்லுங்கள்.

"கட்டவே முடியாது, வங்குரோத்து என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். நமது நாட்டிலும் அதற்குச் சட்டம் இருக்கிறது. 1853ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். நமது முன்னோர் கோப்பித் தோட்டங்களுக்குக் காட்டு வழியே நடந்து வந்துகொண்டிருந்த காலத்தில் எழுதியது! மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும், சட்டத்தரணி வைக்க வேண்டும். 50,000 ரூபாவுக்கும் 80,000 ரூபாவுக்கும் அலைகிற ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்தப் படியேறும் செலவே இன்னொரு கடன். கடன் இணக்கச் சபை என்று ஒன்று 1941ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. அது காணி, வீட்டை ஈடு வைத்தவர்களுக்கானது. ஈடு வைக்க நமக்கு ஏது காணி? 2018இல் அரசாங்கம் நுண்கடன் நிவாரணம் கொடுத்தபோதும் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களைத்தான் எடுத்தது. நுவரெலியா அதில் இல்லை.

2022 ஏப்ரல் 12ஆம் திகதி இந்த நாடே வெளிநாட்டுக் கடனைக் கட்ட இப்போது முடியாது என்று அறிவித்தது. கடன் கொடுத்தவர்கள் மேசைக்கு வந்தார்கள், தவணை மாறியது. யாரும் திறைசேரி வாசலில் வந்து நின்று கூச்சல் போடவில்லை. லயத்து வாசலில் மட்டும் ஏன் அந்த மரியாதை இல்லை? 2021 மார்ச் 8ஆம் திகதி ஹிங்குரக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கியதும் இதைக் கேட்டுத்தான். அவர்களில் பெரும்பாலானோர் சிங்களக் கிராமத்துப் பெண்கள். அவர்களுக்கு வந்த அதே கோல்தான் நமக்கும் வருகிறது.

குழுவில் இருக்கும் அக்காமாருக்கு ஒரு வார்த்தை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்று கம்பெனி வைத்திருக்கும் முறை, நம்மையே வசூல்காரர்களாக்கி விடுகிறது. ஒன்றாக மட்டத்துக்குப் போனவர்கள் இன்று முகம் பார்ப்பதில்லை. தவறியவர் வீட்டு வாசலில் போய் நிற்பதற்குப் பதிலாக, குழுவே ஒன்றாகக் கிளைக்குப் போய்த் தவணையை மாற்றச் சொல்லிக் கேட்கலாம். ஐந்து பேர் சேர்ந்து போனால் மேனேஜர் நாற்காலி போடுவார்.

அடுத்த மாவட்டக் கமிட்டிக் கூட்டத்துக்கு வரும் தலைவிமார், தங்கள் தோட்டத்தில் இந்தக் கோல்களால் அவதிப்படுகிறவர்களின் கொப்பிகளையும் கம்பெனிக் கடிதங்களையும் அவர்களின் சம்மதத்தோடு கொண்டு வாருங்கள். சிங்களத்திலும் இங்கிலீசிலும் வந்த கடிதங்களை அங்கே வாசித்து விளங்கப்படுத்துவோம். பெயர்கள் வெளியே போகாது. ஒரே கம்பெனியின் பெயர் பல தோட்டங்களிலிருந்து வந்தால், முறைப்பாட்டைத் தனித்தனியாக அல்லாமல் சங்கத்தின் கடிதத் தலைப்பில் ஒன்றாக அனுப்புவோம்.