அளவீட்டை நம்புமுன் திருகாணியைச் சரிபாருங்கள்

செஸ்நட் இயற்கைப் பூங்காவிலோ புலாவ் உபின் தீவின் கெத்தாம் மலைச்சைக்கிள் பூங்காவிலோ, கல்லும் வேரும் நிறைந்த பாதையில் இறங்கும் சைக்கிள்களைக் கவனித்திருக்கிறீர்களா? சில சைக்கிள்களின் பின்சக்கரம் சட்டத்தோடு இறுகியிருக்காது. தனியாக மேலும் கீழும் அசையும். அந்த அசைவை வாங்கிக்கொள்வது சட்டத்தின் நடுவே பொருத்தப்பட்டிருக்கும் அதிர்வுத்தாங்கி. சைக்கிள் கடையில் அதை ‘ஷாக்’ என்பார்கள்.

ஷாக் எவ்வளவு சுருங்குகிறது, எவ்வளவு வேகமாகச் சுருங்குகிறது என்பதை ஓர் உணர்கருவி பொருத்தி அளக்கலாம். பந்தயக் குழுக்கள் செய்துவரும் இந்த வேலையை இன்று ஓர் உயர்நிலைப் பள்ளி மாணவரும் செய்ய முடியும். நேர்கோட்டில் நகரும் ஒரு பொட்டன்ஷியோமீட்டர், ஓர் ஆர்டுயினோ பலகை, பதிவுசெய்ய ஒரு நினைவக அட்டை ஆகியவை இருந்தால் போதும்.

ஆனால், கருவியைப் பொருத்தி வண்ண வரைபடம் வரைந்துவிட்டால் வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது பாதி வேலைதான். கருவி சொல்லும் எண் உண்மையா என்று சோதிப்பதுதான் மீதிப் பாதி. பள்ளித் திட்டப்பணிகளில் அந்தப் பாதிக்கே அதிக மதிப்பெண் தரவேண்டும்.

ரப்பர் வளையம் போதாதா?

பெரும்பாலான ஷாக்குகளின் தண்டில் ஒரு சிறிய ரப்பர் வளையம் இருக்கும். ஷாக் சுருங்கும்போது வளையம் தள்ளப்பட்டு, மிக அதிகமாகச் சுருங்கிய இடத்தில் நின்றுவிடும். மின்கலமே தேவைப்படாத எளிய கருவி அது. பிறகு எதற்கு உணர்கருவி?

வளையம் உச்ச அளவை மட்டுமே சொல்லும். அந்த உச்சம் ஒரு முறை வந்ததா, இருபது முறை வந்ததா என்று சொல்லாது. ஷாக் எவ்வளவு வேகத்தில் மீண்டது என்றும் சொல்லாது. அதற்கு நேரத்தோடு சேர்ந்த அளவீடு வேண்டும். ஆகவே உணர்கருவி வீண் ஆடம்பரம் அன்று. அதை முறையாகப் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

0.07 மில்லிமீட்டர் தரும் மயக்கம்

பொட்டன்ஷியோமீட்டர் மின்னழுத்தத்தைப் பங்கிடும் ஒரு மாறும் மின்தடை. இரு முனைகளுக்கு இடையே 5 வோல்ட் கொடுத்தால், தண்டு நடுவில் இருக்கும்போது 2.5 வோல்ட் வரும். ஆர்டுயினோ ஊனோ பலகை அந்த 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரித்துப் படிக்கும். கருவியின் நீளம் 75 மி.மீ. என்றால், ஒரு படி ஏறத்தாழ 0.07 மி.மீ.

திரையில் இரண்டு தசம இடங்களோடு எண் ஓடும்போது மனம் மயங்கிவிடுகிறது. ஆனால், கருவியைத் தாங்கும் பிடிப்பு 1 மி.மீ. ஆடினால் அந்தத் தசம இடங்களுக்கு என்ன பொருள்? நுணுக்கமாகக் காட்டுவது வேறு, சரியாகக் காட்டுவது வேறு.

சாய்வும் ஏமாற்றும். கருவி ஷாக்கிற்கு இணையாக இல்லாமல் 20 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 பாகையின் கோசைன் 0.94. எனவே, ஷாக் 10 மி.மீ. சுருங்கும்போது கருவி 9.4 மி.மீ. அளவில்தான் காட்டும். ஷாக் சுருங்கச் சுருங்கச் சாய்வு கூடும், பிழையும் கூடும். கணிதப் பாடத்தில் படித்த முக்கோணவியல் இங்கே சைக்கிள் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது!

நேரத்திலும் இதே சிக்கல் உண்டு. ஷாக் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் சுருங்கும்போது, விநாடிக்கு 100 முறை அளந்தால் ஓர் அளவீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் அது 10 மி.மீ. நகர்ந்திருக்கும். உண்மையான உச்சம் அந்த இடைவெளியில் தப்பிவிடலாம். 1,000 முறை அளந்தால் இடைவெளி 1 மி.மீ. ஆகிவிடும்.

ஷாக் வேறு, சக்கரம் வேறு

நாம் அளப்பது ஷாக்கின் சுருக்கத்தை. நமக்குத் தெரியவேண்டியதோ பெரும்பாலும் சக்கரத்தின் அசைவு. இரண்டுக்கும் இடையே நெம்புகோல் அமைப்பு இருக்கிறது. ஷாக் 55 மி.மீ. சுருங்கும்போது சக்கரம் 140 மி.மீ. உயர்கிறது என்றால், சராசரி விகிதம் ஏறத்தாழ 2.5. ஆனால், பல சைக்கிள்களில் இந்த விகிதம் தொடக்கத்தில் ஒன்றாகவும் முடிவில் வேறாகவும் இருக்கும். எல்லா இடத்திலும் 2.5 ஆல் பெருக்கினால் வரைபடம் அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி வேண்டாம். அனுபவமுள்ளவர் துணையோடு ஷாக்கின் காற்றை முழுவதும் இறக்கிவிடுங்கள். சட்டத்தை அசையாமல் தாங்கியில் நிறுத்துங்கள். பின்சக்கரத்தை 10 மி.மீ. வீதம் உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ஷாக்கின் நீளத்தை வெர்னியர் காலிப்பரால் அளந்து, கருவியின் எண்ணையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பெயர்தான் அளவுத்திருத்தம். கருவி எங்காவது சட்டத்தில் இடிக்கிறதா, ஷாக் முழுவதும் சுருங்குமுன் கருவியின் தண்டு முட்டிக்கொள்கிறதா, கம்பி இழுபடுகிறதா என்பவையும் அப்போதே தெரிந்துவிடும். விரல்களை மட்டும் இணைப்புகளுக்கு இடையே வைக்காதீர்கள்.

தவறான எண்ணின் விலை

ஓட்டுபவர் ஏறி உட்கார்ந்ததும் ஷாக் அதன் மொத்த நீட்சியில் 25 முதல் 30 விழுக்காடு வரை இறங்கவேண்டும் என்பது பொதுவான வழக்கம். 55 மி.மீ. ஷாக்கில் 16 மி.மீ. என்றால் 29 விழுக்காடு, சரியான அளவு. கருவியின் பிடிப்பு 5 மி.மீ. நழுவி, திரையில் 11 மி.மீ. என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 விழுக்காடுதான், ஷாக் விறைப்பாக இருக்கிறது என்று நினைத்து மாணவர் காற்றை இறக்குகிறார். திரையில் 16 வரும்போது உண்மையான அளவு 21 மி.மீ., அதாவது 38 விழுக்காடு. அடுத்த பள்ளத்தில் ஷாக் எல்லைவரை சுருங்கி முட்டும். சைக்கிள் கட்டுப்பாட்டை இழக்கும். கருவியே இல்லாதிருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது!

‘கடையில் வாங்கும் கருவிகள் இதையெல்லாம் தாமே பார்த்துக்கொள்ளுமே’ என்று கேட்கலாம். ஷாக்விஸ் என்ற கருவி காற்று ஷாக்கின் உள்ளே இருக்கும் அழுத்தத்தை விநாடிக்கு 100 முறை அளந்து, அதிலிருந்து ஷாக்கின் அசைவைக் கணிக்கிறது. அதையும் சைக்கிளில் பொருத்தியதும் முதலில் அளவுத்திருத்தம் செய்தாகவேண்டும். விலை கூடிய கருவிக்கும் இந்த வேலையிலிருந்து விலக்கு இல்லை.

மாணவர்களே, இது சைக்கிளோடு முடியும் விஷயம் அன்று. கையில் கட்டும் கடிகாரம் இதயத் துடிப்பைச் சொல்கிறது; வகுப்பறைக் கருவி வெப்பநிலையைச் சொல்கிறது. எண்கள் நம்மைச் சுற்றிப் பெருகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர். சோதிக்கத் தெரிந்தவர்கள் சிலர்.

அடுத்த அறிவியல் கண்காட்சியில் ஓர் உணர்கருவித் திட்டத்தைப் பார்த்தால், வரைபடத்தைப் பாராட்டுங்கள். அதோடு, “இந்த எண் சரி என்று எப்படிச் சோதித்தீர்கள்?” என்றும் கேளுங்கள். உங்கள் திட்டத்தைப் பார்த்து யாராவது அப்படிக் கேட்டால், எடுத்துக்காட்ட ஓர் அளவுத்திருத்த அட்டவணை உங்கள் கோப்பில் இருக்கட்டும்.