பொம்மையும் பொன்னும்

மக்கள் கையாளும் பொருள்கள் பலவற்றுள்ளும் விளையாட்டுப் பொருளே மிகக் குறுகிய வாழ்நாள் உடையது. ஏர் உழவனோடு பல்லாண்டு இருக்கும். அம்மி ஒரு குடும்பத்தில் மூன்று நான்கு தலைமுறைகளைக் காணும். ஆடையுங்கூட ஆண்டு இரண்டு உழைக்கும். பொம்மையோ, குழந்தை வளர்ந்த அளவிலே பரணுக்கோ குப்பை மேட்டுக்கோ போய்ச் சேரும். இங்ஙனம் யாவராலும் கைவிடப்பட்ட அப்பொருள்தான் இக்காலத்துப் பெருவிலை பெற்றுச் செல்வர்தம் கண்ணாடிப் பேழைகளில் வீற்றிருக்கின்றது. இம்மாற்றம் நன்றோ, தீதோ, இதனால் நம் போன்ற சிற்றூரார்க்கு விளைவது யாது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் ஒன்று அறியத்தக்கது. நம் முன்னோர் விளையாட்டுப் பொருளை அற்பமென்று தள்ளினாரல்லர். ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ஈற்றில் நிற்பன சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் மூன்றுமாம். கடவுளரையும் பெரியோரையும் பாடப் புகுந்த புலவர், பாட்டுடைத் தலைவன் கையிலே பறையைக் கொடுத்து முழக்கச் செய்து, தேரைக் கொடுத்து உருட்டச் செய்து, அவ்வளவில் தம் நூலை நிறைவு செய்தனர். விளையாட்டு அவர்கட்கு இழிபொருளாயின் நூலின் முடியிலே அதனை வைத்திருப்பரோ?

சங்க நூல்களிலும் இக்கருத்துக்குச் சான்று உண்டு. புறநானூற்றிலே தொடித்தலை விழுத்தண்டினார் என்னும் முதுபுலவர் தம் இளமையை நினைந்து இரங்குகின்றார். அவர் நினைவில் எழுவன தாம் ஈட்டிய பொருளோ பெற்ற பரிசிலோ அல்ல. மணலாற் செய்த பாவையும், அதற்குச் சூட்டிய பூவும், தோழரோடு நீரில் ஆடிய ஆட்டமுமே. பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார் இன்னும் நயமானதொரு காட்சியைக் காட்டுகின்றார். காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்திலே உலரும் நெல்லைக் கவர வந்த கோழியை, மகளிர் தம் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிந்து ஓட்டுகின்றனர். எறிந்த குழை, சிறுவர் குதிரையின்றி உருட்டி வரும் மூன்றுகாற் சிறுதேரின் முன்னே கிடந்து, அதன் வழியைத் தடுக்கின்றது. அந்நகரின் செல்வ மிகுதியைக் காட்டவே புலவர் இதனைக் கூறினார். ஆயினும், விலையுயர்ந்த அணி விளையாட்டுத் தேருக்குத் தடையாயிற்று என்னும் அக்காட்சியை இக்காலத்து நிலைமையோடு வைத்து எண்ணுங்கால், அதன்கண் வேறொரு பொருளும் தோன்றுகின்றது.

மேலைநாட்டு நிலையை முன்னர் நோக்குவோம். அங்கே பழைய பொம்மைகளை ஏலமிடுதற்கென்றே பெரிய நிறுவனங்கள் உள. 1994-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் கிறிஸ்டீஸ் என்னும் ஏல நிறுவனத்தார், ஜெர்மன் நாட்டு ஸ்டைஃப் தொழிற்சாலையில் ஏறத்தாழ 1904-இல் செய்யப்பட்ட கரடிப் பொம்மை ஒன்றை ஏலத்தில் விட்டனர். அது 1,10,000 பவுனுக்கு விலைபோயிற்று. அதனைத் தம் குழந்தைப் பருவந்தொட்டு இறுதிவரை பிரியாது வைத்திருந்தவர் கர்னல் ஹெண்டர்ஸன் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். வாங்கியவரோ ஜப்பானியர், தாம் நிறுவும் பொம்மைக் காட்சிச்சாலைக்கென்று அதனைப் பெற்றார். ஒருவர் வாழ்நாள் முழுதும் காட்டிய அன்பே அக்கரடியின் புகழுக்குக் காரணமாயிற்று என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

இதற்கு நேர்மாறான வழக்கமும் அங்கேயே உண்டு. டிங்கி என்னும் பெயரால் 1930-களில் தோன்றிய சிறு உலோக மோட்டார் வண்டிகளைச் சேர்ப்பார், அவ்வண்டி தன் பழைய அட்டைப்பெட்டியோடு கீறலின்றி இருப்பின் பன்மடங்கு விலை தருவர். பெட்டி இன்றேல் விலை வீழும். குழந்தையின் கை படாத பொம்மைக்கே அங்கு மதிப்பு மிகுதி. உண்ணப்படாத சோற்றைச் சிறந்த சோறென்றும், ஓதப்படாத நூலைச் சிறந்த நூலென்றும் கூறுவார் உளரோ? எந்நோக்கத்துக்காக ஒன்று படைக்கப்பட்டதோ அந்நோக்கம் நிறைவேறாமையே அதன் சிறப்பாகக் கருதப்படுதல் விந்தையினும் விந்தை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். எம் ஊராகிய தீர்த்தமலை, இன்று தருமபுரி மாவட்டத்து அரூர் வட்டத்தில் உள்ளது. முன்னாளில் இப்பகுதி பாராமகால் எனப் பெயர் பெற்று மைசூர் மன்னராட்சியில் இருந்து, 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பினியார் கைக்கு மாறியது. அத்திப்புவிடம் மரப்புலி ஒன்று இருந்தது. வீழ்ந்து கிடக்கும் வெள்ளையன்மேல் பாய்ந்து நிற்கும் அப்புலியின் பக்கத்திலுள்ள கைப்பிடியைச் சுழற்றினால் புலி உறுமும். வீழ்ந்தவன் கையசைத்து அலறுவான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கும்பினியார் அதனைக் கவர்ந்து சென்றனர். இன்று அஃது இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட்டு காட்சிச்சாலையில் உள்ளது. அரசனது விளையாட்டுப் பொருளாதலின் அது போன வழியை வரலாறு எழுதி வைத்தது. எளியோர் வீட்டுப் பொம்மைகள் போன வழியை எழுதி வைத்தார் யாவர்?

எம் பக்கத்துச் சிறுவர் விளையாடியவை பெரும்பாலும் விலையில்லாப் பொருள்கள். சோளத்தட்டையைப் பிளந்து செய்த மாட்டுவண்டி, நுங்குக் கூந்தலைக் கோலிற் கோத்த உருளை, ஏரிக் களிமண்ணாற் பிடித்த காளை, பூவரச இலைச் சுருளாகிய ஊதல், பனையோலைக் காற்றாடி ஆகியவற்றை எவரும் விலைக்கு வாங்கியதில்லை. இனி வாங்கப்போவதும் இல்லை. மழை வந்தால் கரையும். வெயில் வந்தால் உலரும். மறுநாள் புதிதாகப் பிறக்கும். காசு கொடுத்து வாங்கியவை திருவிழாக் கடையிற் கிடைத்த கிலுகிலுப்பை, மரச்சொப்பு, மரப்பாச்சி முதலிய சிலவேயாம். கிறித்தவராகிய எம் போன்றார் வீடுகளிற் கொலு வைக்கும் வழக்கம் இல்லை. எனினும் மரப்பாச்சி மட்டும் இல்லாமலில்லை. குழந்தைகட்கு அது சமயம் கடந்த தோழியாக இருந்தது.

மரப்பாச்சியின் இயல்பைச் சிறிது கூறுதல் இவ்விடத்துப் பொருந்தும். சிறந்த மரப்பாச்சி செஞ்சந்தன மரத்தாற் கடையப்படுவது. குழந்தை அதனைக் கடித்துச் சுவைத்தாலும் தீங்கில்லை என்பதும், உரைத்துப் பூசினால் வீக்கத்துக்கு மருந்தாகும் என்பதும் நம் பாட்டியர் கொள்கை. ஆணும் பெண்ணுமாகிய இணையாக அதனைப் பெண்ணுக்குச் சீராகக் கொடுப்பதும் உண்டு. செஞ்சந்தனம் பெரும்பாலும் ஆந்திர நாட்டுச் சேஷாசலம் முதலிய மலைகளில் வளர்வது. இன்று அதனை வெட்டுதலும் விற்றலும் சட்டத்தாற் கட்டுப்படுத்தப்பட்டுள்ளன. ஆகவே முன்போல் எளிதிற் புதிய பொம்மை செய்தற்கு வழியில்லை. மரம் அரிதாயிற்று, பழைய பொம்மை விலை ஏறிற்று. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருட் கடைகளுக்குச் செல்வார், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பலவகைப் பண்டங்களிடையே இத்தகைய பழம் பொம்மைகளையும் காணலாம். வெளிநாட்டாரும் நகரத்துச் செல்வரும் அங்கே வந்து வாங்கிச் செல்கின்றனர்.

அக்கடைகட்குப் பொருள் வருவது எவ்வாறு? பழம்பொருள் கொள்வார் சிற்றூர்தோறும் வண்டியில் வருகின்றனர். ஒரு பிளாஸ்டிக் குடத்துக்கோ எவர்சில்வர்த் தட்டுக்கோ பழைய மரச் சாமான்களையும் பித்தளைச் சொப்புகளையும் மாற்றாகப் பெற்றுச் செல்கின்றனர். வீட்டிலிருக்கும் மூதாட்டி, பரணில் இடம் ஒழிந்ததென்று மகிழ்கின்றாள். அவள் கையினின்று நீங்கிய பொம்மை நகரத்தை அடையும்போது அதன் விலை எத்தனை மடங்கு உயர்ந்ததென்று அவள் அறியாள். இதனைக் களவு என்று கூறல் ஆகாது; அறியாமையை வாணிகமாக்கல் என்று கூறல் தகும்.

'வயிற்றுக்கில்லாதவனுக்குப் பொம்மை எதற்கு? விற்றுச் சோறுண்பதே அறிவு' என்று சிலர் வினவலாம். அவ்வினா நேரியதே. வறியோர் தம் பொருளை விற்றலை யாம் குறை கூறவில்லை. விற்பவர் விலையறிந்து விற்கவேண்டும் என்பதும், விற்குமுன் அது யாது, யாரால் யாருக்குச் செய்யப்பட்டது என்பதைத் தம் பிள்ளைகட்கேனும் சொல்லிவைக்க வேண்டும் என்பதுமே எம் விண்ணப்பம். பொருள் போயினும் அதன் வரலாறு வீட்டில் நிற்கும். வரலாறும் சேர்ந்து போயின் நமக்கு எஞ்சுவது பிளாஸ்டிக் குடம் ஒன்றே. நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை அரசின் இசைவின்றி அயல்நாட்டுக்குக் கொண்டுபோதலை 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் தடுக்கின்றது என்பதையும் மக்கள் அறிந்திருத்தல் நலம்.

பொம்மையிற் பொன் ஏறினால் விளைவது யாது என்பதற்கு வடமொழியில் ஒரு சிறந்த கதை உண்டு. சூத்திரகன் இயற்றிய அந்நாடகத்தைப் பண்டிதமணி கதிரேசச் செட்டியார் 'மண்ணியல் சிறுதேர்' என்னும் பெயரால் தமிழாக்கித் தந்துள்ளார். வறுமையுற்ற சாருதத்தனுடைய சிறுவன், அயல்வீட்டுப் பிள்ளையின் பொற்றேரைக் கண்டபின் தன் மண்தேரை வெறுத்து அழுகின்றான். வசந்தசேனை இரங்கித் தன் அணிகலன்களைக் கழற்றி அம்மண்தேரை நிரப்பி, 'பொற்றேர் செய்துகொள்' என்கின்றாள். அன்பினாற் செய்த செயலே அது. ஆயினும் அவ்வணிகலன்கள் பின்னர் வழக்கு மன்றத்திலே சாருதத்தனுக்கு எதிரான சான்றாகி, அவனைக் கொலைக்களம் வரை கொண்டு செல்கின்றன. மண் மட்டும் இருந்தவரை அது தேர். பொன் புகுந்த பின்னர் அது வழக்குப் பொருள். பட்டினப்பாலையிற் குழை தடுத்தது தேரின் வழியை. இந்நாடகத்திலோ அணிகலன்கள் தந்தையின் உயிருக்கே ஊறு தேடின.

அங்ஙனமாயின் பழம் பொம்மைகளைச் சேர்த்தலே தவறோ எனின், அன்று. கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடைகளும் கிடைத்தன. 2023-ஆம் ஆண்டு அங்குத் திறக்கப்பெற்ற அருங்காட்சியகத்திலே சிறுவரும் முதியோரும் பழந்தமிழர் வாழ்வைக் கண்டு வியக்கின்றனர். அவற்றை எவரும் ஏலமிட்டிலர். ஆயினும் அவற்றின் மதிப்பு குறைந்திலது. ஒரு பொருள் கற்பிக்கும் அறிவு ஒருவகை மதிப்பு. அதற்குக் கிடைக்கும் தொகை மற்றொருவகை மதிப்பு. இரண்டையும் ஒன்றென மயங்குதலே தீது. பலர் காண வைத்துப் பேணுதல் முன்னதை வளர்க்கும். பூட்டி வைத்து விலையேற்றத்துக்குக் காத்திருத்தல் பின்னதை மட்டுமே வளர்க்கும்.

இனி, யாம் முதன்மையாகக் கூறவந்தது ஒன்றுண்டு. மறைந்த தச்சன் செய்த பொம்மைக்கு விலை ஏறுகின்றது. வாழும் தச்சனுக்கோ கூலி ஏறவில்லை. தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை, அடியிற் களிமண்ணின் கனமும் மேலே காகிதக் கூழின் இலேசும் அமையச் செய்யப்படுவது. எத்திசையிற் சாய்த்தாலும் நிமிர்ந்து நிற்பது. சன்னபட்டணத்தார் வெட்பாலை மரத்தைக் கடைசலிலிட்டு அரக்குச் சாயம் ஏற்றுகின்றனர். கிருஷ்ணா ஆற்றுப் பக்கத்துக் கொண்டபள்ளியாரும் மெல்லிய மரத்திற் பொம்மை செதுக்குகின்றனர். இம்மூன்றும் புவிசார் குறியீடு பெற்ற தொழில்கள். குறியீடு பெற்றும் என்? திருவிழாக் கடையில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் பொம்மைக்கு அருகே இவற்றை வைத்தால், நாம் விலை பேசிக் குறைக்க முற்படுவது கையாற் செய்ததையே. அதே பொம்மை எழுபது ஆண்டு கழித்துப் பழம்பொருட் கடையில் இருப்பின் பேசாது விலை கொடுப்போம். பழமையைப் போற்றுகின்றோம் என்று நாம் சொல்லிக்கொள்ளும் இது, உண்மையிற் கைவினைஞனை அவன் மறையுமளவும் காத்திருந்து போற்றுதலன்றி வேறு யாது?

ஆதலின் நாம் செய்யத்தக்கவை மூன்று. முதலாவது, நம் வீட்டுப் பரண்களில் கிடப்பவற்றை எடுத்துத் துடைத்து, செய்தவர் யார், வாங்கிய இடம் எது, விளையாடிய குழந்தை யார் என முதியோரைக் கேட்டு எழுதிவைத்தல். இரண்டாவது, விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊர் விளையாட்டுப் பொருள் ஒன்றை அதன் வரலாற்றோடு கொணர்ந்து, நம் கல்லூரி நூலகத்திலே ஓர் அலமாரியில் வைத்தல். சோளத்தட்டை வண்டியும் மரப்பாச்சியும் அங்கே அருகருகே இருக்கட்டும். விலைச்சீட்டு எதற்கும் வேண்டா. மூன்றாவது, நம் தம்பி தங்கையர்க்கு வாங்கும் பொம்மைகளுள் ஒன்றேனும் கைவினைஞரிடம் அவர் கேட்கும் நேர்மையான விலைக்கு வாங்குதல். வாங்கியபின் அதனைப் பேழையிற் பூட்டாமல் குழந்தை கையிற் கொடுத்தல்.

அது கீறலுறட்டும், சாயம் போகட்டும், ஒரு கை ஒடியினும் ஒடியட்டும். சிறுதேர் உருளுதற்கே செய்யப்பட்டது. அதன் வழியிற் கிடக்கும் குழையை எடுத்து ஒருபுறம் வைப்பது மூத்தோராகிய நம் கடமையாகும்.