திரையில் டாக்டர், பக்கத்தில் ஊர்க்காரர்

மனச்சிதைவு உள்ளவரைத் திரைக்கு முன்னால் உட்கார வைக்காதீர்கள், டிவி தன்னைப் பற்றித்தான் பேசுகிறது என்று நம்புகிறவர் இன்னும் மிரண்டுபோவார் என்கிறார்கள். படித்தவர்களே சொல்வதால் இந்தப் பேச்சு ஊன்றிவிட்டது. புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்ததைப் பார்த்தால் இது நிற்காது.

டாக்டர் சாரதா மேனன் 1984-இல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆய்வு அமைப்பு, 2010-இல் இந்த மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஆலோசனை அறையும் மருந்தகமும். சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர் திரையில் வந்து பேசுவார். அவர் எழுதும் மாத்திரை அந்தப் பேருந்திலேயே இலவசமாகக் கைக்கு வந்துவிடும்.

மிரள மாட்டாரா? டிவியில் செய்தி வாசிக்கிறவர் நாம் பேசினால் பதில் சொல்வதில்லை. இந்தத் திரையில் வருகிறவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், "ராத்திரி தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். பக்கத்தில் அம்மாவோ அண்ணனோ, ஊரில் பழகிய களப்பணியாளரோ இருக்கிறார். அப்படியும் பயப்படுகிற ஒருவரை நேரில்தான் பார்க்க வேண்டும். அதற்காக மற்ற எல்லோருக்கும் கதவைச் சாத்துவதா?

தொட்டுப் பார்க்காமல் என்ன வைத்தியம் என்பார்கள். மனநல மருத்துவர் கவனிப்பது பெரும்பாலும் பேச்சையும் முகத்தையும்தான். மாத்திரையால் கை நடுங்குகிறதா, நடை மாறியிருக்கிறதா என்பது நாலடி நடக்கச் சொன்னால் கேமராவிலேயே தெரியும். ஊசி போட, ரத்தம் எடுக்க ஆள் வேண்டும். அதை யாரும் மறுக்கவில்லை.

கிராமத்துச் சனம் கோடங்கியிடம்தான் போகும் என்ற பேச்சுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. கோடங்கி கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். சென்னை ஏறத்தாழ 400 கி.மீ. கூலிக்குப் போகும் அப்பா, நிலைகொள்ளாத மகனை ராத்திரி பஸ்ஸில் பிடித்து உட்கார வைத்துக்கொண்டு மாதாமாதம் அவ்வளவு தூரம் போய்வர முடியுமா? இரண்டு நாள் கூலியும் போகும். ஒரு மாதம் தவறினால் மாத்திரை நிற்கும், மாத்திரை நின்றால் நோய் திரும்பக்கூடும். 2001-இல் ஏர்வாடி தர்கா அருகே இருந்த ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு 28 பேர் தீக்கு இரையானார்களே, அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டதை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

2022 முதல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் பேசலாம். மாத்திரை போனில் வராது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாரம் ஒரு நாள் ஒரு திரையும், பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் ஒருவரும், அன்றைக்கே மாத்திரையும் கிடைக்கச் செய்யுங்கள் என்றுதான் அரசிடம் கேட்கிறேன்.