களிக்கு எதுக்குய்யா மாறுவேஷம்?

'ஆரோக்கியமான' நூடுல்ஸ், 'ஆரோக்கியமான' பிஸ்கட்டுன்னு ராகிக் கதிர் படம் போட்டு விக்கிறாங்களே, பார்த்திருப்பீங்க. படத்தை விடுங்க மக்களே, பாக்கெட்டைத் திருப்புங்க. எது எடையில அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதணும்ங்கிறது சட்டம். அங்க கோதுமை மாவோ மைதாவோ இருந்தா, ராகி ஒப்புக்குச் சப்பாணிதான்.

எங்க கடத்தூர்ப் பக்கம் ராகிக்கு வேஷம் தேவையில்ல. காட்டுல ராகிக்கு ஊடால மொச்சையும் போடுவாங்க. மார்கழி, தையில பச்சை மொச்சை வந்துட்டா, சுடச்சுடக் களியில குழி பறிச்சுக் குழம்பை ஊத்த வேண்டியதுதான். மத்த நாள்ல கீரைக் கடைசல். 100 கிராம் ராகியில 300 மில்லிகிராமுக்கு மேல கால்சியம். தீட்டின அரிசியில 10-ஐ ஒட்டித்தான்.

2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டா அறிவிச்சுது. அதே வருஷம் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகள்ல அரிசிக்குப் பதிலா 2 கிலோ ராகி கொடுக்கத் தொடங்கினாங்க. நல்ல காரியம். ஆனா நாம என்ன பண்றோம்? விருந்தாளி வந்தா களிச்சட்டியை மூடி வெச்சுட்டு, பரோட்டா வாங்க ஆள் அனுப்புறோம். ஏழைச் சாப்பாடுன்னு நாமளே கூச்சப்பட்டா, நம்ம ராகியைப் பாக்கெட்டுல போட்டு நமக்கே கொள்ளை விலைக்கு விக்கத்தான் செய்வான்.

அடுத்த விருந்தாளிக்குக் களி கிண்டுங்க. 'ஆரோக்கியமான களி'ன்னு பேரெல்லாம் வேணாம். களின்னாலே போதும்.